ஓட ஓடச் சரியாயிருமா?

எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறான். பழைய ஸ்விஃப்ட் டிசையர், டீசல் வண்டி. போன ஆடித் தபசுக்கு ஒரு மாதம் முன்னால் என்ஜின் புகை தள்ள ஆரம்பித்தது, ஆயிலும் குடித்தது. சங்கரன்கோவிலில் கார் ஓட்டுகிறவனுக்குத் தபசு சீசன்தான் அறுவடை. பெண்டாட்டி நகையை அடகு வைத்து முழு என்ஜின் வேலையும் பார்த்தான். போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் ஆயிற்று.

வண்டியை எடுத்த அன்றே என் வீட்டு வாசலில் நிறுத்தி, "பெரியப்பா, ஒரு வாட்டி காதக் குடுத்துக் கேளுங்க" என்றான். காதைக் கொடுக்கவே வேண்டியதில்லை. தெருமுனையில் வரும்போதே கேட்டது, டிக் டிக் டிக் என்று.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "புது வேலைல்லா அண்ணாச்சி! ஓட ஓடச் சரியாயிரும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டட்டும்" என்றார்.

கட்டபொம்மன் பெயரில் நம் பக்கம் பஸ் ஓடிய காலத்தில் டெப்போ பட்டறையில் வேலை பார்த்தவன் நான். விடியற்காலை டிரிப்புக்கு வண்டியைக் கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இதே வார்த்தையை நானும் டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று எனக்குத் தெரியும்.

முதலில் சத்தத்தின் கதை. அம்பாசடர் காலத்து டேப்பெட் வெறும் இரும்பு. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே பதினஞ்சு தௌ இடைவெளி வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, ஸ்குரூவைத் திருகி நட்டை இறுக்குவோம். தேய்ந்தால் மறுபடி திருக வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட்டில் அந்த வேலையை ஆயிலே பார்த்துக்கொள்கிறது. சின்ன உருளைக்குள் ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிக் குண்டு வால்வு. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகும், குண்டு திரும்பி வழியை அடைக்கும், உள்ளே சிக்கிய ஆயில் அமுங்காமல் கம்பி மாதிரி நிற்கும். இடைவெளியே இருக்காது, சத்தமும் வராது.

"இதெல்லாம் புதுசா வந்த பொல்லாப்பு, பழைய டேப்பெட்தான் நல்லது" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வது சரியில்லை. 1930-லேயே அமெரிக்காவில் காடிலாக் பதினாறு சிலிண்டர் காரில் இது வந்துவிட்டது. ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது ஃபியட்டின் 1248 சிசி என்ஜின். பதினாறு வால்வு, பதினாறு ஹைட்ராலிக் டேப்பெட். ஒழுங்காக ஆயில் மாற்றியவர்கள் டேப்பெட்டைக் கண்ணாலேயே பார்க்காமல் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆக, ஹைட்ராலிக் டேப்பெட் சத்தம் போட்டால், "எனக்கு ஆயில் சரியாக வரவில்லை" என்று அது முறையிடுகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் வராத என்ஜினை ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டு என்பது, மூச்சுத் திணறுகிறவனை மலையேறச் சொல்வதற்குச் சமம்.

"ஓட ஓடச் சரியாயிரும்" என்பதில் துளி உண்மை உண்டு. வேலை முடிந்து முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது டேப்பெட்டுக்குள் காற்று இருக்கும், டிக் டிக் கேட்கும். ஆனால் அந்தக் காற்று சில நிமிஷத்தில் வெளியேறிவிடும். அதிகம் போனால், என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் கேட்டால் காரணம் வேறு.

அடுத்து வந்தது இரண்டாவது வைத்தியம். "கெட்டி ஆயில் ஊத்துங்க" என்றார்கள். ஊற்றினான். சத்தம் கொஞ்சம் அமுங்கியது. தம்பிக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. கெட்டி ஆயில் அடைப்பை எடுக்காது. காலைக் குளிரில் மேலே ஏறவே நேரமாகும், அதுவரை கேமும் ராக்கரும் காயும். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதா வைத்தியம்?

மூன்றாவது வைத்தியம்தான் உச்சம். "பதினாறு டேப்பெட்டையும் மாத்திரலாம்" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றையும் சோதிக்காமல்!

நான் தம்பியிடம் வண்டியை எடுக்காதே என்றேன். ஆனால் அதற்குள் அவன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சவாரி போயிருந்தான். நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் சும்மா இருப்பான்?

வேறொரு பட்டறையில், எங்கள் கண்முன்னால், வரிசையாகப் பார்த்தோம். முதலில் நீளமான ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டோம். சத்தம் மேல் கவரிலிருந்து வந்தது. என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு. ஆக, வால்வு பக்கம்தான். கீழிருந்து கனமாக டொக் டொக் என்று வந்தால் அது பேரிங். டீசலில் இன்ஜெக்டரும் தட்டும், டைமிங் செயினும் உரசும், இன்ஜெக்டர் வாஷர் கசிந்தாலும் சத்தம் வரும். இவற்றைப் பிரித்துக் கேட்காமல் டேப்பெட் மேல் பழி போடக் கூடாது.

பிறகு ஆயில் அளவு. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரையில் காற்று, காற்றில் டேப்பெட் தொய்யும். அளவு சரியாகவே இருந்தது.

அடுத்து ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டினோம். குளிர்ந்திருக்கும்போது பரவாயில்லை. சூடானபின், ஐடிலில், முள் கீழே விழுந்தது. டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லையே என்றான் தம்பி. அழுத்தம் கிட்டத்தட்டச் செத்தபிறகுதான் அந்த விளக்கு எரியும். அதை நம்பக் கூடாது.

சம்பைக் கழற்றினோம். ஆயிலை உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னர் வலையில், புழு மாதிரி சிலிகான் பேஸ்ட் துணுக்குகள். சம்பை ஒட்டும்போது பேஸ்ட்டைப் பற்பசை மாதிரி பிதுக்கியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து வலையை அடைத்துவிட்டது. அவ்வளவுதான் வியாதி!

சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டதும், சில நிமிஷத்தில் டிக் டிக் நின்றது. பதினாறு டேப்பெட்டும் நிரபராதி. ஆனால் புதிதாகப் போட்ட பேரிங்குகளில் ஒன்று கீறல் விழுந்திருந்தது, அதை முன்னமே மாற்ற வேண்டியிருந்தது. "ஓட ஓட" ஆனது அதுதான். தபசுச் சவாரியில் பாதி போயிற்று. நகை இன்னும் கடையில்தான் இருக்கிறது.

என்ஜின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியவை இவை. போர் போட்ட பிளாக்கின் ஆயில் துவாரங்களைப் பிரஷ் விட்டுக் கழுவிக் காற்றடித்தார்களா? ஓர் இரும்புத்தூள் போதும், குண்டு வால்வு மூடாது. பழைய டேப்பெட்டை வரிசை மாறாமல், நிமிர்த்தி வைத்து, அதே இடத்தில் போட்டார்களா? வால்வு சீட் அறுத்த பிறகு வால்வுத் தண்டின் உயரத்தை அளந்தார்களா? தண்டு அதிகம் ஏறிவிட்டால் டேப்பெட்டுக்கு அமுங்க இடமில்லாமல் வால்வு சரியாக மூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால், டீசல் போகாதபடி செய்து, ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றி ஆயிலை மேலே ஏற்றினார்களா? கடைசியாக, சூடான என்ஜினில் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டினார்களா?

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. "நாளைக்கே வண்டி வேணும்" என்று நெருக்குவதும் நாம்தான், ஆயிலில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதும் நாம்தான். ஆனாலும் சத்தத்தோடு ஒரு வண்டியைக் கையில் கொடுத்து, "ஓட ஓடச் சரியாயிரும்" என்று யாராவது சொன்னால், சாவியை மேஜையிலேயே வையுங்கள். "சரியான பிறகு ஓட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வாருங்கள்.