வள்ளுவர் பேரில் ஒரு போர்டு

சனிக்கிழமையானால் எனக்கு டிரைவர் உத்தியோகம். லிங்கராஜபுரத்தில் கிளம்பி, காக்ஸ் டவுன், அல்சூர் ஏரி வழியாக இந்திரா நகர். அங்கே மாக்ஸ் முல்லர் பவனில் மகள் ஜெர்மன் படிக்கிறாள். (ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.)

போன வாரம் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைத் தாண்டும்போது கேட்டாள். "ஜெர்மன்காரங்க கதே பேர்ல உலகம் பூரா கிளாஸ் நடத்துறாங்க. நம்ம ஆளு பேர்ல எதுவும் இல்லியாப்பா?"

இருக்கிறதே! உலகமெங்கும் திருவள்ளுவர் பண்பாட்டு மையங்கள் என்று 2024 தேர்தல் அறிக்கையில் பா.ஜ.க. சொன்னது. அதே வருடம் செப்டம்பரில் சிங்கப்பூரில் முதல் மையம் வரும் என்று பிரதமர் அறிவித்தார். 2025 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையத்துக்கும் வள்ளுவர் பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

"அங்க என்ன சொல்லித் தருவாங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பி.காம். படித்தவர்களுக்கு குட்வில் ஞாபகம் இருக்கும். நாமே வளர்த்துக்கொண்ட நல்ல பெயரை நம் கணக்கில் சொத்தாக ஏற்ற முடியாது. அடுத்தவன் காசு கொடுத்து வாங்கினால்தான் ஏறும். நாட்டின் பெயரும் அப்படித்தான் என்பது என் கட்சி. 1951ல் தொடங்கிய கதே நிறுவனத்துக்கு மதிப்பு வந்தது கதேயால் மட்டுமா? நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போகிறவர்கள் பணம் கட்டி வந்து உட்காருகிறார்களே, அதனால். அதிலும் ஒரு சாமர்த்தியம் பாருங்கள். இந்தியாவில் கதேயைப் பின்னால் தள்ளிவிட்டு, ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரை வாசலில் நிறுத்தினார்கள். பெயர் நமக்குப் பிடித்த ஆளுடையது, உள்ளே அவர்கள் மொழி. சீனா 2004லிருந்து கன்பூசியஸ் பெயரில் ஊர் ஊராகத் திறந்தது. உள்ளே அரசாங்கத்தின் கை இருக்கிறது என்ற சந்தேகம் வந்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இழுத்து மூடிவிட்டன. கன்பூசியஸ் பாவம், என்ன செய்வார்!

யாழ்ப்பாணத்து விஷயம் இன்னும் உறுத்தல். போர்டில் ஊர்ப் பெயர் காணாமல் போனதென்று அங்கே வருத்தப்பட்டார்கள், பிறகு சேர்த்தார்கள். வள்ளுவர் அவர்களுக்கு அந்நியரா? பரிமேலழகர் உரையோடு குறளை 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் கொண்டுவந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அந்த வீட்டுக்குப் போய் அவர்கள் பொருளையே பரிசாகக் கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

நான் 2006ல் மாற்றலாகி வந்தபோது இந்த அல்சூர் சிலை மூடியே கிடந்தது. 1991ல் வைத்தது. எதிர்ப்பினால் 18 வருடம் திறக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 9ல் எடியூரப்பா முதல்வராக இருக்க, கலைஞர் வந்து திறந்தார். நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறப்பு. பண்டமாற்று என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். அந்த வாரம் எங்கள் கிளையில் ஒரு கன்னட நண்பர், "உங்க வள்ளுவர் அப்படி என்னதான் சொல்லியிருக்காரு?" என்று முதல் தடவையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் இரண்டு குறளைச் சொன்னேன். பதிலுக்கு அவர் சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டு ஒன்றை டீ ஆறும்வரை விளக்கினார். எங்கள் ஆளை வாங்கிக்கொள் என்பதோடு உங்கள் ஆளைக் கொடு என்றும் கேட்டதால் வந்த குட்வில் அது. சிங்கப்பூர் மையத்தில் ஒரு மலாய்ப் பையனோ சீனப் பெண்ணோ தமிழ் எழுத்து கற்றால் எனக்குச் சந்தோஷம். வெறும் பரதநாட்டியமும் குத்துவிளக்கும் என்றால்... என்னத்தைச் சொல்ல.

இவ்வளவும் பேசுகிற என் வீட்டு லட்சணம்? மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிக்கூட படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் இந்தியும். ஜெர்மனுக்கு ஃபீஸ் கட்டத் தெரிந்த எனக்கு, சிலைக்குப் பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம் இருப்பது இத்தனை சனிக்கிழமை கண்ணில் படவில்லை.

வருகிற வாரம் கிளாஸ் முடிந்து திரும்பும்போது அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். பார்க்கிங்தான் கிடைக்க வேண்டும்.