அஸ்மானகிரியின் அடியில்

சென்ற இதழில் பாரசீகச் சிற்றோவியங்கள் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்ததை ஆரம்பாக்கத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது படித்தேன். பிஹ்ஸாதின் கோடு, பொன், நீலம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கடைசியில், எழுத்தும் கோடும் இப்படி ஒன்றாய்ப் பிணைந்த மரபு நமக்கு வாய்க்கவில்லை என்று பெருமூச்சு விட்டிருந்தார். அந்தப் பெருமூச்சோடுதான் என் சண்டை.

நான் உட்கார்ந்திருந்த ஊருக்குத் தெற்கே பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது ஏரியின் அழகுக்காக அல்ல. சோழமண்டலக் கரையின் சாயத்துணிக்காக. வடமேற்கே காளஹஸ்தி. மூங்கில் குச்சியில் துணி சுற்றி, வெல்லமும் இரும்பும் ஊறிய கறுப்பு மையில் அங்கே இன்றும் ராமாயணம் எழுதுகிறார்கள். படத்தோடு தெலுங்கில் கதையும் ஓடும். தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர்க் கலம்காரி கோயிலுக்கானது: தேருக்குத் தொம்பை, சுவாமி தலைக்கு மேல் அஸ்மானகிரி. கலம் என்றால் பாரசீகத்தில் எழுதுகோல். அஸ்மான் என்றால் வானம். பாரசீகம் நம் கோயில் கூரையில் தொங்குகிறது. நண்பர் அதை ஆல்பத்தில் தேடுகிறார்.

அது கைவினை, பலர் சேர்ந்து செய்யும் வாய்ப்பாடு என்பார். பாரசீக ஏட்டுச்சாலையிலும் ஒருவர் கோடிட, ஒருவர் வண்ணமிட, இன்னொருவர் பொன் தீட்டினார். அங்கே அது கலை, இங்கே அது கைவினையா?

2021-இல் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் மணப்பாறை முறுக்குக்கும் அதே குறியீடு. முறுக்கின் மேல் எனக்கு விரோதமில்லை. விமர்சகன் வாய் திறக்காத இடத்தில் ஓவியனுக்கு முறுக்கின் அந்தஸ்துதான் மிஞ்சும்.

ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமாவில் 258 ஓவியங்கள். 1959-இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஹௌட்டன், 1970களில் ஏடு ஏடாகப் பிரித்துக் கொடுத்தும் விற்றும் தீர்த்தார். மிஞ்சிய 118 ஓவியங்களுக்காக 1994-இல் ஈரான் தன்னிடமிருந்த டி கூனிங்கின் நிர்வாணப் பெண் ஓவியமொன்றைக் கைமாற்றியது. நிர்வாணத்தைக் கண்டு கூசிய அரசுக்கு அது சௌகரியமாகவும் இருந்திருக்கும். அதைப் புனிதப்படுத்த வேண்டாம். ஆனாலும் தங்கள் புத்தகம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோழமண்டலத் துணிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றை மீட்க நாம் எதையும் கொடுக்க வேண்டாம். கருப்பூர்த் துணி கட்டிய கோயிலில் கும்பிட்டு முடித்ததும் நண்பர் ஒரு தரம் அண்ணாந்து பார்க்கட்டும். பெருமூச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.