கம்ப்யூட்டருக்குத் தெரியாத மூன்று நாள்

 

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் வத்திராயிருப்பில் என் வீட்டுக்கு வந்தார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் வயரை ராத்திரியில் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். “மூணு நாளா ஸ்டேஷனுக்கு நடக்குறேன் சார். ஒரு நாள் ரைட்டர் இல்ல, ஒரு நாள் சர்வர் இல்லைங்கிறாங்க” என்றார். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம்.

நான்காம் நாள் நானும் கூடப் போனேன். சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அதில் புகார் பெற்ற தேதி அன்றைய தேதி! கணக்குப்படி, புகார் வந்த அன்றே ரசீது, தாமதம் பூஜ்யம். அவர் நடந்த மூன்று நாள் எங்குமே இல்லை.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2009இல் மத்திய அரசு 2,000 கோடி ரூபாயில் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் காவல் நிலையங்களை இணைக்கும் நல்ல திட்டம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் நல்லதே.

ஆனால் வெற்றியை எப்படி அளக்கிறோம்? எத்தனை நிலையம் இணைந்தது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஏறியது என்று. படிக்காத பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிக்கூடக் கணக்கு இது. ரைட்டர் தட்டினால்தான் புகார் பிறக்கிறது. அதற்கு முன் திருப்பி அனுப்பப்பட்டவர் கணக்கிலேயே வருவதில்லை.

ஆன்லைனில் கொடுக்கலாமே என்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். தோப்புக்காரர் மறுபடி அதே வாசலுக்குத்தான் போய் நிற்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஓ.பி. சீட்டு தருகிறார்கள். ரேஷன் கடையில் பில் போட்டதும் போனுக்கு மெசேஜ் வருகிறது. காவல் நிலைய வாசலிலும், நுழைந்ததும், எண்ணும் நேரமும் போட்ட சீட்டு கொடுங்கள். சர்வர் இல்லையா, கையால் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டுக்கும் ரசீதுக்கும் நடுவே எத்தனை நாள் என்று நிலையம் வாரியாக மாதாமாதம் வெளியிடுங்கள். ஆள் பற்றாக்குறையால் திணறும் ரைட்டரின் கஷ்டமும் அதில் தெரிந்துவிடும்.

பரீட்சை எழுதுகிறவன் கையிலேயே மணியடிக்கும் வேலையையும் கொடுக்கலாமா?

உங்களுக்கு எத்தனை நாள் கணக்கில் வராமல் போனது? கீழே எழுதுங்கள்.