கழிவுக்கு இல்லாத முறை

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் எவரும் சுற்றுவலை கட்டிவிட முடியாது. தலைக்கட்டு உரிமையுள்ள குடும்பங்கள் ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் தொழில் செய்வது என்று வகுத்துக்கொள்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம் இன்று கிடைத்தவருக்கு நாளை கிடைக்காது. மறுபடி தம் முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். முறை தவறியவர் ஊராரின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அரசாணை எதையும் எதிர்பாராமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒழுங்கு இது. ஏரி எவ்வளவு தரும், எவ்வளவுக்கு மேல் தராது என்பதை அறிந்தவர்கள் தம் கைகளுக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டு. அதே நீருக்குள் சாம்பலையும் சாக்கடையையும் எண்ணெயையும் விடுவோருக்கு இப்படியொரு கட்டு இல்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடிப் பகுதி தமிழ்நாட்டில். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலை மறித்து நிற்கிறது. பரப்பைக் கண்டு ஆழத்தை எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவு நீர்தான். இந்த ஆழமின்மைதான் ஏரியின் செல்வம். கடலில் பிறக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, வெதுவெதுப்பான சேற்றில் சில மாதங்கள் மேய்ந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவை திரும்பும் வேளையில், ஓதம் வடியும்போது, வழிமறித்துப் பிடிப்பதே பாட்டுவலைத் தொழில். மடவையும் பச்சை நண்டும் இந்த ஆழமற்ற நீரை நம்பியே வளர்கின்றன. ஏரியின் கேடும் இதே ஆழமின்மையில்தான் இருக்கிறது: ஆழ்கடல் விழுங்கிச் செரித்துவிடும் கழிவை இடுப்பளவு நீரால் செரிக்க முடியாது.

தெற்கிலிருந்து வரும் கேட்டை முதலில் பார்ப்போம். பக்கிங்காம் கால்வாய் பழவேற்காட்டையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் ஒரே நீர்த்தொடராகப் பிணைக்கிறது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் புதிய அலகுகளும் துறைமுகங்களும் சேர்ந்துகொண்டன. நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்வழியே சாம்பல் குளத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். குழாய் உடைந்து கசிவது எண்ணூரில் செய்தியே அல்ல. கசியாத நாள் இருந்தால் அதுதான் செய்தி. கசிந்த சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் கொசத்தலையாற்றின் அடியில் படிந்து இறுகுகிறது. முன்பு படகோடிய இடங்களில் இப்போது படகு தரைதட்டுகிறது. இயந்திரங்களைக் குளிர்வித்த வெந்நீர் கழிமுகத்தில் கலக்க, ஓதத்தோடு உள்ளே வரும் இறால் குஞ்சுகளின் முதல் வரவேற்பே அந்தச் சூடுதான்.

இதன் விளைவைத் துல்லியமாக அறிய விரும்புவோர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்ப் பெண்களைக் கேட்டாலே போதும். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டு, கழுத்தளவு நீரில் அமிழ்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி ஒவ்வொரு இறாலாகப் பிடிக்கிறவர்கள் அவர்கள். படகு இல்லை, வலை இல்லை; விரல் நுனிதான் கருவி. மெத்தென்ற சேற்றுக்கும் நறநறக்கும் சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த விரல்களைவிட நன்றாக அறிந்த கருவி எதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இல்லை. ஆயினும் எந்த ஆய்வறிக்கையிலும் அவர்களின் வாக்குமூலம் சான்றாக ஏறியதாக நமக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்தபோது நிகழ்ந்ததை நாடே பார்த்தது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றுக்குள் புகுந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப் பறக்க இயலாமல் நின்றன. அலையாத்தி வேர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் கருங்கறை படிந்தது. அந்த எண்ணெயை அள்ளியவர்கள் யார்? முதல் நாட்களில், தக்க காலணியும் கையுறையும் இல்லாமல், குவளையாலும் வாளியாலும் மொண்டு மொண்டு பீப்பாய்களில் ஊற்றியவர்கள் மீனவர்களே. தம் வலையையும் படகையும் வருவாயையும் அழித்த பொருளைத் தம் கையாலேயே வாரி எடுக்கும் வேலை அவர்களுக்கு வாய்த்தது. நிவாரணமாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் சேதமடைந்த படகுக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. எண்ணெய் நாறுகிறது என்று சந்தையில் மீனை வாங்க ஆளில்லாமல் போன வாரங்களுக்கு அந்தத் தொகை எத்தனை நாள் உலை வைக்கும் என்பதைக் கணக்கிட்டவர் எவரும் உண்டா?

வடக்கிலிருந்து வரும் கேடு வேறு வகை. அது ஒரு நாளில் கருத்துத் தெரிவதில்லை. இறால் பண்ணைகளின் கழிவுநீர், தீவன எச்சம், மருந்து ஆகியவை ஏரியின் கரைகளில் சிறுகச் சிறுகச் சேர்கின்றன. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தமிழர் மறந்துவிடுவது தகாது. தஞ்சைத் தரணியின் நிலமற்றோருக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோரத்தில் பெருகிய தொழில்முறை இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்ட அத்தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைக் குட்டை எதுவும் அமைக்கக் கூடாது என்றது. ஓர் ஏரிக்கு இதைவிடத் தெளிவான காப்பு வேறு என்ன வேண்டும்? ஆனால் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளின் பிடியிலிருந்து இத்தொழிலை விடுவித்தது. நீதிமன்றம் எழுப்பிய வேலியை நாடாளுமன்றமே பிரித்துப்போட்ட கதை இது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். ஏரியின் இறாலும் நண்டும் ஏற்றுமதி ஆகின்றன என்பது அன்று யார் நினைவுக்கும் வரவில்லை போலும்.

இவ்விரு கேடுகளையும் பன்மடங்காக்குவது முகத்துவாரம் தூர்வது. மணல்திட்டு வாயை அடைத்துவிட்டால் ஓதம் நின்றுபோகிறது. உள்ளே வந்த கழிவு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க, மீனவர்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின், அலைத்தடுப்புச் சுவர் கட்டும் பணியைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது வரவேற்கத் தக்கது. வாயைத் திறந்தால் மட்டும் வயிற்றிலுள்ள நஞ்சு போய்விடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்சாரம் வேண்டாமா, துறைமுகம் வேண்டாமா என்று கேட்போர் உண்டு. வேண்டும். ஆலைகள் இசைவாணை பெற்றுத்தானே இயங்குகின்றன என்பார்கள். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே இசைவாணை உண்டு என்பது மெய்தான். ஆனால் அந்த ஆணை, ஆலையின் குழாய்வாயில் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்க்கிறதே தவிர, எல்லாக் குழாய்களும் சேர்ந்து கொட்டுவதை ஏரி தாங்குமா என்று பார்ப்பதில்லை. பாட்டு முறையோ ஏரியை முதலில் பார்த்து, அதற்கேற்ப வலையை வகுக்கிறது. படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் எண்ணும் மக்களின் ஒழுங்குக்கும் நம் சட்டத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

பாட்டு முறையைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. அது பட்டினவர் குலத்தின் உரிமையாக வளர்ந்தது. பட்டியல் சாதி மீனவருக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. இதனால் எழுந்த பூசல்கள் ஏரிக்கரை ஊர்களுக்குப் புதியவை அல்ல. இரு மாநில மீனவரும் எல்லையின் பேரால் மோதிக்கொண்டதும் உண்டு. நீர் வளம் குறையக் குறைய இந்தப் பிணக்குகள் கூர்மையாகின்றன. மீன் குறைவதற்கு அடுத்த குப்பத்தான்தான் காரணம் என்று ஒருவரையொருவர் பழிக்கும் நிலையில், உண்மையில் காரணமானவர் புகைபோக்கியின் கீழ் அமைதியாக இருக்கிறார். இம்முறையின் குறைகளைக் களைந்து, அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

சிலிகா நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1991இல் ஒடிசா அரசு அந்த ஏரிக்கென்றே ஒரு மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. மீன்பாடு பல மடங்கு உயர்ந்தது. அழியும் ஈரநிலங்களின் பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 2002இல் சிலிகா நீக்கப்பட்டது. அங்கும் இறால் அடைப்புகளின் தொல்லை முற்றத் தீரவில்லை என்றாலும், ஏரிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பழவேற்காட்டுக்கு இரண்டு மாநிலங்கள், பல துறைகள், ஒரு பொறுப்பாளரும் இல்லை. பறவைகளைக் காக்க வனத்துறை, மீனைக் கணக்கிட மீன்வளத்துறை, ஆற்றுக்கு நீர்வளத்துறை, கழிவுக்கு வாரியம். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் தமிழ்நாட்டின் சிறு ஏரிகள் பல இடம்பெற்றும் பழவேற்காடு இன்னும் சேராததற்கு இந்தச் சிதறலும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கிடையே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் கோப்பில் காத்திருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மெல்லிய மணல்கரையை அலை அரித்துவிடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அது மீண்டும் கூட்டப்படும் முன்னர் நடக்க வேண்டியவை உள்ளன. 1996 தீர்ப்பு வகுத்த 1,000 மீட்டர் எல்லையைப் பழவேற்காட்டுக்கு மட்டுமேனும் மீண்டும் சட்டமாக்க வேண்டும். எண்ணூரையும் ஏரியையும் ஒரே நீர்நிலையாகக் கொண்டு, அது ஆண்டொன்றுக்குத் தாங்கக்கூடிய கழிவின் மொத்த அளவை வரையறுத்து, அதற்குள் ஆலைகளின் பங்கைக் குறைத்தாக வேண்டும். தமிழ்நாடும் ஆந்திரமும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்து, பாட்டுக்காரர், பாடு இல்லாத மீனவர், இருளர்ப் பெண்கள் ஆகிய மூன்று தரப்பாருக்கும் கருத்துச் சொல்லும் இருக்கை மட்டுமன்றி வாக்குரிமையும் அளிக்க வேண்டும். அந்த ஆணையத்தின் முதல் வாக்கெடுப்பு நடக்கும் நாள்வரை காட்டுப்பள்ளிக் கோப்பு மூடியே இருக்கட்டும்.