முழங்கால் தண்ணீரில் எந்தப் படகு போகும்?

ஆயர் ஈத்தாம் – ஆண்டின் கடைசி மாதங்களில் கொடிமலைப் பக்கம் மேகம் கறுத்தால், ஆற்றோரம் குடியிருப்பவர்கள் முதலில் செய்வது காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். அடுத்து, பத்திரங்களையும் மருந்துப் பையையும் அலமாரியின் மேல் தட்டில் ஏற்றுவார்கள். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவைக் கண்டவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று சனிக்கிழமை. வியட்னாமைத் தாக்கிய டாம்ரே சூறாவளியின் தாக்கம் பினாங்கு வரை எட்டியது. ஒரே நாளில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. பௌர்ணமி நாள் என்பதால் கடலும் ஏறியிருந்தது. ஆயர் ஈத்தாம் ஆறும், பாயா தெருபோங் பக்கமிருந்து வரும் டொண்டாங் ஆறும் கொண்டுவரும் தண்ணீர் சுங்கை பினாங்கு வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கடல் வாங்கிக்கொள்ளாததால் தண்ணீர் வீடுகளுக்குள் திரும்பியது. அதிகாலை 3 மணியளவில் அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங், துணைப் பிரதமர் அஹ்மாட் ஸாஹிட் ஹமிடியைத் தொடர்புகொண்டு இராணுவ உதவி கேட்டார். அந்த வெள்ளத்தில் மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்தனர்.

அத்தகைய இரவில் கீழ் மாடியில் படுக்கையோடு கிடக்கும் ஒரு பாட்டியைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: படகு வாசல் வரை வருமா, தெருமுனையிலேயே நின்றுவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பலரும் சட்டென்று சொல்லும் பதில் ஜெட் படகு. கூழாங்கல் தெரியும் ஆற்றில், கணுக்கால் அளவு தண்ணீரில் அது சீறிப் பாயும் காணொளிகளைப் பார்த்தவர்கள், “நம் ஊருக்கும் இதை வாங்கினால் என்ன?” என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் காணொளி பாதிக் கதையை மட்டுமே காட்டுகிறது.

சாதாரண மீட்புப் படகின் பின்புறம் அவுட்போர்டு இஞ்சின் தொங்கும். அதன் விசிறி படகின் அடிப்பகுதிக்கும் கீழே ஏறக்குறைய ஓர் அடி இறங்கியிருக்கும். சாலைத் தடுப்பு, வேலிக் கம்பி, மூழ்கிக் கிடக்கும் மோட்டார்சைக்கிள் என எதில் பட்டாலும் விசிறி உடையும். தண்ணீரில் நிற்கும் மனிதரின் காலில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஜெட் படகில் அந்த விசிறி வெளியே இல்லை. படகின் அடியிலுள்ள துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் விசிறியால் அழுத்தி, பின்புறம் வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்தத் தள்ளலில் படகு முன்னே போகிறது. நியூசிலாந்தின் வில்லியம் ஹமில்டன் 1950களில் இந்த முறையைத் தேற்றியதும், அங்குள்ள ஆழமற்ற கல் ஆறுகளில் வேறு எந்தப் படகும் சரிப்படவில்லை என்பதால்தான்.

இந்தியாவும் அதைப் பார்த்திருக்கிறது. எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1977இல் மூன்று ஜெட் படகுகளுடன் வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து இமயமலை நோக்கிப் போனார். நந்தபிரயாகை அருகே அருவி ஒன்று குறுக்கே நிற்கும் வரை அந்தப் படகுகள் ஏறின.

கங்கையில் ஏறிய படகு ஆயர் ஈத்தாம் தாமானுக்குள் ஏன் திணற வேண்டும்? முதல் காரணம் வேகம். நான்கு அங்குலத் தண்ணீரில் ஓடும் என்று சொல்லப்படுவது, படகு முழு வேகத்தில் நீரின் மேல் எழும்பி ஓடும்போதுதான் பொருந்தும். வேகம் குறைந்ததும் அது மற்றப் படகுகளைப் போலவே அமிழ்ந்து உட்காரும். குடியிருப்புச் சந்துக்குள் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. ஓட்டினால் கிளம்பும் அலை வீடுகளின் கதவை உடைத்து உள்ளே போகும், கழுத்தளவு நீரில் நிற்பவரைச் சாய்க்கும். ஆக, மீட்பு வேலை நடக்கும் இடத்தில் ஜெட் படகு தன் பெரிய பலத்தைக் காட்ட முடியாது.

இரண்டாவது எடை. தண்ணீரில் எவ்வளவு அமிழும் என்பதை முடிவு செய்வது இஞ்சின் அல்ல, படகின் எடையும் அதன் அடிப்பரப்பும்தான். நாலரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள தட்டையான படகை எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் அது சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே போகும். ஆறு பேர் ஏறினால் ஆறு சென்டிமீட்டர். அடிப்பகுதி கூம்பாக, கடல் அலையை வெட்டுவதற்கென்று செய்யப்பட்ட படகு என்றால் அமிழ்வு இன்னும் அதிகம். வெறும் படகு போன வழியில், ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாமல் தரைதட்டுவது இதனால்தான். விற்பவர்கள் சொல்லும் அளவு யாரும் ஏறாத படகினுடையதா, நிறைந்த படகினுடையதா என்று வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். மக்கள் வரிப்பணம் ஆயிற்றே.

மூன்றாவது, நாம் வீசும் குப்பை. கால்வாயை அடைக்கும் அதே பிளாஸ்டிக் பைதான் ஜெட் படகின் உறிஞ்சு துவாரத்தையும் அடைக்கும். தோட்டப்புறங்களில் இதே வேலையைச் செம்பனை ஓலையும் புல்லும் செய்யும். அடைத்தால் தள்ளல் போய்விடும். தள்ளல் போனால் படகைத் திருப்பவும் முடியாது, ஏனெனில் ஜெட் படகுக்குத் தனிச் சுக்கான் இல்லை. பீய்ச்சும் நீரைத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறார்கள். வெள்ளத்தின் இழுப்பில் அப்படி நின்றுபோன படகில் எட்டுப் பேர் இருந்தால் என்ன ஆகும்? சாதாரண இஞ்சினில் விசிறியைக் கழற்றிவிட்டு ஜெட் பாகத்தை மாட்டும் வசதியும் உண்டு. அதில் இஞ்சின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதனால் ஜெட் படகே வேண்டாம் என்று பொருளல்ல. ஆற்றின் பிரதான ஓட்டத்தில், எதிர்நீச்சல் போட்டு ஒருவரைப் பிடிக்க வேண்டிய இடத்தில், அதற்கு ஈடு குறைவு. தண்ணீரில் இருப்பவருக்கு விசிறி வெட்டும் ஆபத்தும் இல்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு அது ஏற்றதல்ல. அங்கே தட்டையான அடிப்பகுதி கொண்ட அலுமினியப் படகும் காற்றடைத்த ரப்பர் படகும், கையில் துடுப்பும் நீளமான கழியும் போதும். விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டால் இன்னும் நல்லது. முழங்கால் தண்ணீரில் இரண்டு இளைஞர்கள் இறங்கி இழுத்துப் போகும் படகுக்கு இஞ்சினே தேவையில்லை.

2018 கேரள வெள்ளத்தில் கண்டது இதைத்தான். கடலோர மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட படகுகளை லோரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அம்மாநில அரசு கூறியது. விலை உயர்ந்த படகுகள் அல்ல அவை. பல படகுகள் மதிலிலும் கேட்டிலும் மோதிச் சேதமடைந்தன. மீனவர்களுக்கு ஊர் தெரியாது. எங்கே மதில், எங்கே கிணறு என்று அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள். இன்னொரு காட்சியும் பலருக்கு நினைவிருக்கும்: படகில் ஏற முடியாத பெண்களுக்காக ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து முதுகைப் படியாகக் கொடுத்தார். படகின் அமிழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் படகின் விளிம்பு உயரத்தை மறந்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயால் காலிழந்தவரும், எண்பது வயது அம்மாவும் அந்த விளிம்பைத் தாண்ட வேண்டும்.

நம் நாட்டிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மேல் மாடிகளில் காத்திருந்த பலரை, சொந்தப் படகோடும் கயாக்கோடும் வந்த பொதுமக்களே அழைத்துப் போனார்கள். அங்கே பெரிய குறை படகின் வகை அல்ல, படகு வந்து சேர்ந்த நேரம்.

ஆயர் ஈத்தாமுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மலையடிவாரத்தில் தண்ணீர் விரைந்து ஏறும், விரைந்து இறங்கும். பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து, விழுந்த மரங்களை விலக்கிக்கொண்டு வரும் படகுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்பு நீர். வெள்ள நாளில் அந்தப் பெயர் உண்மையாகிவிடும்: சாலை எது, கால்வாய் எது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. சாலையில் இரண்டடித் தண்ணீர் இருக்கும். பக்கத்துக் கால்வாயில் ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். மேட்டிலுள்ள மண்டபத்திலோ சூராவிலோ கோயிலிலோ இரண்டு தட்டைப் படகுகளை வைப்பதும், விளக்குக் கம்பங்களில் கால்வாய் ஓரத்தைச் சிவப்புப் பட்டையால் குறிப்பதும், கீழ் மாடியில் நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் குடியிருப்பாளர் சங்கம் கையில் வைத்திருப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. படகு ஓட்டத் தெரிந்தவர் யார், சாவி யாரிடம் என்பதை மட்டும் மழைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.