வாசிப்புக்கு ஓய்வு எங்கே?

"படிக்க ஆவல் இல்லாமலில்லை, நேரந்தான் இல்லை" என்னும் சொல்லை நெசவாளர் தெருவிலும் கேட்கலாம், களத்துமேட்டிலும் கேட்கலாம். அதில் பொய்யில்லை. விடியுமுன் தறிக்குழியில் இறங்குகிறவருக்கும், முறைத்தண்ணீருக்காக இரவெல்லாம் மடையருகே விழித்திருப்பவருக்கும் ஓய்வு என்பது எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும், ஓய்வு வந்தபின் படிப்போம் என்று காத்திருப்பவர் ஒருநாளும் படிக்கப்போவதில்லை.

கூட்டுறவாளருக்கு வாசிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. சங்கம் அங்கத்தினரின் உடைமை. ஆனால், ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் பலவற்றில், உபவிதிகளைப் படித்த அங்கத்தினரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே நான் காணும் நிலை. பொதுச்சபையில் ஐந்தொகை வாசிக்கப்படுகிறது, கைகள் உயர்கின்றன, தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. நூல் இருப்பு எவ்வளவு, விற்காமல் தேங்கிய துணி எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்பார் இல்லை. படியாமல் இடும் கையொப்பம், வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நமது இயக்கத்தின் முன்னோடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை திறந்தனர். அவர்களுள் பலர் கம்பளித்துணி நெசவாளர். நீண்ட நேரம் உழைத்துக் குறைந்த கூலி பெற்றவர். அத்தகையோர் அமைத்த சங்கமே பின்னர் வாசகசாலையும் நூலகமும் கண்டது. உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கியது. மாவும் வெண்ணெயும் விற்ற கடையிலேயே அறிவுக்கும் ஓர் அலமாரி இருந்தது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. கேரளத்தின் கண்ணூரில், 1969-இல் தோன்றிய தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவில் ஒருவர் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றியபடியே கேட்பர். வாசிப்பவருக்குரிய வேலையை மற்றவர்கள் பகிர்ந்து செய்தனர். தனியொருவருக்குக் கிட்டாத நேரத்தைக் கூடி உண்டாக்கிக்கொண்டனர். கூட்டுறவின் உட்பொருள் இதுவன்றோ?

தறியோசையில் வாசிப்பவர் குரல் கேளாது என்பது மெய்யே. ஆனால், துணியை ஒப்படைத்து நூலும் பாவும் பெற வரும் நாளில் சங்கத்தில் காத்திருக்கிறோம். பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் காத்திருக்கிறோம். மழைக்காலத்தில் தெருவில் பாவு போட வழியின்றிக் கை ஓய்ந்திருக்கிறோம். அந்த நேரமெல்லாம் பேச்சிலும் கைபேசியிலும் கரைகிறது. அதில் ஒரு மணி நேரத்தை வாரந்தோறும் வாசிப்புக்கெனச் சங்கம் வரையறுக்கலாம். முதலில் உபவிதிகள், வாரத்துக்கு ஒன்றாக, அடுத்து ஐந்தொகை, பின்னர் செய்தித்தாள், நல்ல கதை, வரலாறு. பொடியெழுத்துத் தெரியாத முதியவருக்குப் பள்ளியில் பயிலும் பேத்தி வாசித்துக் காட்டட்டும்.

நூல்களுக்குப் பெருஞ்செலவும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது முதல், நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. பணம் கொடுத்த பொருளை நூலகத்திலிருந்து எடுத்து வருவதுதான் எஞ்சியுள்ள வேலை.

வீட்டில், உறங்குமுன் பத்துப் பக்கம் போதும். ஆண்டில் அது 3,650 பக்கம். இருநூறு பக்க நூல்கள் பதினெட்டு. ஊடை இழை ஒவ்வொன்றாகச் சேர்ந்தே ஒரு சேலை முழுமை பெறுகிறது என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்த பொதுச்சபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் ஐந்தொகையைப் படித்து, கேள்வி ஒன்றேனும் கொண்டு வருவாராக. அன்றுதான் சங்கம் மெய்யாகவே அவருடையதாகும்.