ஒய்யாரக் கொண்டையும் துருப்பிடித்த ஸ்டெப்னியும்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கொஞ்சும் அழகே தனி. வாரம் தவறாமல் கழுவல், மெழுகுப் பூச்சு, குரோமுக்குத் தனி பாலிஷ், சரக்குப் பெட்டிக்கு லைனர். ஆனால் அதே பெட்டிக்கு அடியில், ஒற்றை இரும்பு கேபிளில் தொங்கும் ஸ்டெப்னியைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "பஞ்சர் ஆனால் டோ வண்டியைக் கூப்பிட்டால் போச்சு. ஸ்டெப்னி கெட்டால் எனக்குத்தானே நஷ்டம்?"

இந்த 'எனக்குத்தானே' என்பதுதான் பெரிய பொய். ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள சக்கரம் நெடுஞ்சாலையில் அறுந்து விழுந்தால், அதில் மோதப்போவது பின்னால் வருபவர். அவர் பைக்கில் வந்தால்?

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2009 நவம்பரில் டொயோட்டா, 2000 முதல் 2003 வரையிலான டன்ட்ரா டிரக்குகளில் சுமார் 1,10,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சட்டத்தின் பின்பகுதி துருப்பிடித்து, ஸ்டெப்னி சாலையில் விழக்கூடும் என்பது ஒரு காரணம். அடுத்த ஆண்டே சியன்னா வேன்கள் சுமார் 6 லட்சம். அங்கே குற்றவாளி ஸ்டெப்னியைத் தாங்கும் கேபிள். இரண்டிலும் எமன் ஒருவன்தான்: பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு. அந்த உப்பும் சேறும் சக்கரத்தின் குழிவில் தங்கி, இரும்பை ஈரத்திலேயே ஊறவைக்கின்றன.

அப்படியானால் தப்பு கம்பெனியுடையதுதானே? ஆம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி கடிதம் போடும்வரை உப்பு காத்திருக்குமா? சில மாடல்களில் கேபிள் அறுந்தாலும் சக்கரம் விழாதபடி இன்னொரு கொக்கி உண்டு. கவனிக்காமல் விட்டால் அதுவும் துருவேறி இறுகி, நடுவழியில் தேவைப்படும்போது சக்கரத்தை இறக்கவே விடாது!

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் சக்கரத்தை இறக்க வேண்டும். கேபிள், கொக்கி, குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும். இழை பிரிந்திருந்தால் தயங்காமல் மாற்ற வேண்டும். காற்றைச் சரிபார்க்க வேண்டும். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ன் 23வது வாரம் செய்தது என்று பொருள். ஓடாத ரப்பருக்கும் வயதாகும். கடைசியில் ஆட்டம் இல்லாமல் இறுக ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

மொத்தம் ஒரு மணி நேரம். குரோமைத் துடைக்கும் நேரத்தைவிடக் குறைவு. குரோம் மங்கினால் யாரும் சாகப்போவதில்லை.